ஒரு பால்டின் எத்தனை கிராம்?

ரங்கூனில் அரிசியை முகந்து வாங்குவோம், வெங்காயத்தை நிறுத்து வாங்குவோம். கியாக்டடா பகுதியில் மகாபந்துலா சாலைக்கும் அனோயத்தா சாலைக்கும் நடுவே ஓடுகிற தெருக்களில் காலையில் ஒரு நடை போனால் இரண்டையும் பார்த்துவிடலாம். நடைபாதையில் காய்கறி பரப்பி உட்கார்ந்திருக்கும் அம்மா தராசை எடுப்பார். அரிசிக் கடைக்காரர் மூட்டைக்குள் அளவையை விட்டு அள்ளி, மேலே தலைதட்டிப் பையில் கொட்டுவார். "எத்தனை பியி வேணும்?" என்பதுதான் அவருடைய கேள்வி. சூப்பர் மார்க்கெட்டில் கிலோ பொட்டலம் கிடைக்கிறது, உண்மைதான். ஆனால் வீட்டுச் சமையல் பேச்சு இன்னும் பியியிலும் பால்டின்னிலும்தான் நடக்கிறது.

பால்டின் என்றால் காலியான கன்டென்ஸ்டு மில்க் டப்பா. பர்மியர்கள் நோசிபூ என்பார்கள். எட்டு டின் ஒரு பியி. பதினாறு பியி ஒரு கூடை. தேநீர்க் கடைகள் நிறைந்த ஊரில் இந்த டப்பாவுக்குப் பஞ்சமே இல்லை, அதனால் அது வீட்டுக்கு வீடு அளவையாகிவிட்டது. யாழ்ப்பாணத்திலும் பால்பேணியால் அரிசி அளப்பவர்கள் உண்டு.

தமிழ்நாட்டிலிருந்து இங்கே வந்தவர்களுக்கு இந்தக் கணக்கு பழகியதாகவே இருந்திருக்கும். எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டு டின் ஒரு பியி. கொள்ளளவு வேறுதான், ஆனால் எட்டுக்கு எட்டு பொருந்துகிறது. 1931 கணக்கெடுப்பில் ரங்கூனின் சுமார் நாலு லட்சம் பேரில் பாதிக்கு மேல் இந்தியர்கள். அந்த அடுப்பங்கரைகளில் படிக்கணக்கில் சொன்ன பக்குவம் எல்லாம் சத்தமில்லாமல் டின்கணக்குக்கு மாறியது. எங்கள் வீட்டில் அப்பாயி சொல்லி அத்தை எழுதி வைத்த நோட்டில் "புழுங்கல் நாலு டின், உளுந்து ஒரு டின்" என்றுதான் இருக்கிறது. கிராம் என்ற சொல்லே அதில் கிடையாது.

இப்போது பிரச்சினை எங்கே வந்தது என்றால், வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் மகள் அந்த நோட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன். "அத்தை, ஒரு டின்னுன்னா எத்தனை கிராம்?" என்று உடனே பதில் வந்தது. அவளிடம் டிஜிட்டல் தராசு இருக்கிறது, பால்டின் இல்லை. அவள் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு ஒரே எண்ணில் பதில் கிடையாது. இதை விளக்கத்தான் இந்தப் பதிவு. ஏனென்றால் இந்தக் கேள்வியோடு இணையத்தில் தேடுகிற பலர் "ஒரு கப் 250 கிராம்" என்ற ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு நல்ல பக்குவத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

டின் காட்டுவது இடத்தை. தராசு காட்டுவது எடையை. அதே இடத்தில் தண்ணீர் ஒரு எடை இருக்கும், எண்ணெய் அதைவிடக் குறையும், சலித்த கடலை மாவு பாதிக்கும் கீழே போகும். எனவே "டின்னுக்கு எத்தனை கிராம்" என்று கேட்கக் கூடாது. "டின் அரிசிக்கு எத்தனை, டின் மாவுக்கு எத்தனை" என்று பொருளைச் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

இதற்கு மியன்மாரிலேயே அருமையான சான்று ஒன்று இருக்கிறது. இங்கே தானிய விளைச்சலைக் கூடையில் சொல்வது பழக்கம். கூடை என்பது கொள்ளளவு. ஏற்றுமதிக்கும் புள்ளிவிவரத்துக்கும் எடை வேண்டும் என்பதால் ஒவ்வொரு பயிருக்கும் ஒரு கூடைக்கு இத்தனை பவுண்டு என்று வகுத்து வைத்திருக்கிறார்கள். நெல் 46 பவுண்டு. அரிசி 75. உளுந்தும் பாசிப்பயறும் 72. கொண்டைக்கடலை 69. எள் 54. தோலோடு நிலக்கடலை வெறும் 25. கூடை அதேதான், உள்ளே போகிற பொருளைப் பொறுத்து எடை மூன்று மடங்கு வரை மாறுகிறது. நெல்லுக்கும் அரிசிக்கும் நடுவே உள்ள 29 பவுண்டு வித்தியாசம் உமி அடைத்துக்கொள்ளும் இடம். நிலக்கடலை ஓட்டுக்குள் இருப்பதில் பெரும்பகுதி காற்று. சமையல் அளவு மாற்றத்தின் முழுப் பாடமும் இந்தப் பட்டியலில் இருக்கிறது என்பேன்.

ஒரு கூடையில் 128 டின் என்பதால் வகுத்துப் பார்க்கலாம். 75 பவுண்டு என்பது 34 கிலோ. அப்படியானால் ஒரு டின் அரிசி சுமார் 266 கிராம். உளுந்து 255. கொண்டைக்கடலை 245. எள் 191. தோலோடு நிலக்கடலை 89. ஒரு பியி சுமார் 2.56 லிட்டர் என்று எடுத்துக்கொண்டால் டின்னின் கொள்ளளவு 320 மில்லி வருகிறது. அதில் தண்ணீர் 320 கிராம், நெய் 290, சமையல் எண்ணெய் 295, சர்க்கரை 270, ரவை 225 என்று வைத்துக்கொள்ளலாம். மைதாவும் கடலை மாவும் இந்த வரிசைக்குள் அடங்காது, அவற்றுக்குத் தனியாக வருகிறேன்.

இந்த எண்களையும் கல்லில் எழுதியதாக நினைக்க வேண்டாம். அரிசி மூட்டை ஒன்று 24 பியி என்றும் அதன் எடை 108 பவுண்டு, அதாவது 49 கிலோ என்றும் சந்தையில் கணக்கு. அதை வகுத்தால் டின்னுக்கு 255 கிராம்தான் வருகிறது, கூடைக் கணக்கைவிடப் பத்து கிராமுக்கு மேல் குறைவு. இரண்டு கணக்கிலும் தப்பில்லை. அரிசி ரகம், அதன் ஈரம், மூட்டையைக் குலுக்கினார்களா, தலைதட்டினார்களா, கோபுரமாக விட்டார்களா என்பதைப் பொறுத்து முகத்தல் அளவு அவ்வளவு ஆடும். உருண்டையாகவும் குட்டையாகவும் இருக்கும் பாவ்ஸான் டின்னில் அடங்குகிற விதம் வேறு, நீண்ட அரிசி அடங்குகிற விதம் வேறு. (2011இல் ஹோ சி மின் நகரத்தில் நடந்த உலக அரிசி மாநாட்டில் பாவ்ஸானைத்தான் உலகின் சிறந்த அரிசியாகத் தேர்ந்தெடுத்தார்கள். ரங்கூனில் சாப்பிட்டவர்களுக்கு அதில் ஆச்சரியம் இருக்காது.)

டின் லேபிளில் 390 கிராம் என்றோ 397 கிராம் என்றோ போட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு ஒரு டின் அரிசி 390 கிராம் என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. அது உள்ளே இருந்த பாலின் எடை. சர்க்கரை போட்டுச் சுண்டக் காய்ச்சிய பால் தண்ணீரைவிட ஏறக்குறைய 1.3 மடங்கு கனம். அந்த எண்ணை அரிசிக்குப் போட்டால் மூன்று டின் வேண்டிய இடத்தில் நாலு டின்னுக்கு மேல் விழும்.

ஆகவே செய்ய வேண்டியது ஒன்றுதான். நீங்கள் புழங்குகிற அளவையை நீங்களே ஒருமுறை நிறுத்துவிடுங்கள். ஒரு கிராம் வரை காட்டுகிற சமையல் தராசு போதும். பேட்டரியில் ஓடுவதாக வாங்குங்கள், நம் ஊர் மின்வெட்டுக்கு அதுதான் சரி. காலி டின்னைத் தராசில் வைத்து அளவைப் பூஜ்யமாக்குங்கள். முதலில் விளிம்பு வரை தண்ணீர். அது எத்தனை கிராம் காட்டுகிறதோ, கிட்டத்தட்ட அத்தனை மில்லிதான் உங்கள் டின். உங்கள் டின் 320 தான் என்று நம்பிவிட வேண்டாம், கம்பெனிக்குக் கம்பெனி உயரமும் வாயகலமும் மாறுகின்றன. நன்றாகத் துடைத்துக் காயவைத்துவிட்டு அரிசி, பிறகு உளுந்து, பிறகு சர்க்கரை என்று ஒவ்வொன்றாக நிறுங்கள். வழக்கமாக எப்படி அள்ளுவீர்களோ அப்படியே அள்ள வேண்டும். தராசு இருக்கிறதே என்று அன்றைக்கு மட்டும் கையைத் திருத்திக்கொண்டால் பயனில்லை. கோபுரமாக அளப்பது உங்கள் வீட்டுப் பழக்கமானால் கோபுரத்தோடுதான் நிறுக்க வேண்டும். ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று தரம் நிறுத்துச் சராசரி எடுங்கள். அந்தத் தாளை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டால் பல வருஷத்துக்குக் கவலை இல்லை.

இப்போது மாவு. முகந்து அளப்பது அதிகம் ஏமாற்றுகிற இடம் இதுதான். மைதாவைக் கரண்டியால் எடுத்து மெதுவாக ஒரு கப்பில் விட்டுத் தலைதட்டினால் 120 கிராம் இருக்கும். அதே கப்பை மாவுப் பைக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 150 கிராமை எட்டும். கப் ஒன்று, மாவு ஒன்று, ஆள்கூட ஒருவர்தான், வித்தியாசம் கால் பங்கு. பால்டின்னில் சொன்னால் 160 முதல் 200 கிராம் வரை. பலாதாவுக்கு (பர்மியப் பரோட்டா) மாவு பிசையும்போது ஒரு நாள் கையோடு வருவதும் மறுநாள் ரப்பராக இழுப்பதும் பெரும்பாலும் இதனால்தான். தண்ணீரை ஒரே அளவு ஊற்றியிருப்போம், மாவு ஒரே அளவாக இருந்திருக்காது. அமெரிக்காவில் ஃபேனி ஃபார்மர் 1896இல் வெளியிட்ட சமையல் நூலில் கப்பையும் ஸ்பூனையும் தலைதட்டி அளக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். அது பெரிய முன்னேற்றம். ஆனாலும் தலைதட்டுவது மேல்மட்டத்தைத்தான் சரிசெய்யும், உள்ளே மாவு எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதை அதனால் சரிசெய்ய முடியாது. அமெரிக்கக் கப் 237 மில்லி, மெட்ரிக் கப் 250, ஜப்பானியக் கப் 200, ரைஸ் குக்கரோடு வருகிற கப் 180 என்று கப்பிலேயே இத்தனை இருப்பது வேறு. ரைஸ் குக்கர் கப்பில் அரிசி 150 கிராம்தான் பிடிக்கும். அதை வைத்துக்கொண்டு "ஒரு கப்" என்று எழுதிய பக்குவத்தைச் செய்தால் எல்லாம் கால் பங்கு குறைந்துவிடும்.

மைசூர்பாகைப் பாருங்கள். கடலை மாவு ஒரு பங்கு, சர்க்கரை இரண்டு பங்கு, நெய் இரண்டு பங்கு என்பது பல வீடுகளில் உள்ள கணக்கு. இது முகத்தல் கணக்கு. சலித்த கடலை மாவு ஒரு டின் ஏறக்குறைய 140 கிராம். சர்க்கரை இரண்டு டின் 540, நெய் இரண்டு டின் 580. எடையில் பார்த்தால் ஒன்றுக்கு நாலு, நாலு. இப்போது வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை "1:2:2" என்ற வரியை மட்டும் வாங்கிக்கொண்டு 250 கிராம் மாவு, 500 கிராம் சர்க்கரை, 500 கிராம் நெய் என்று நிறுத்துப் போட்டால் என்ன ஆகும்? மாவு இரட்டிப்பு. நெய் போதாமல் இறுகி, வாயில் மாவாக ஒட்டும். பாகுப் பதம் தப்பிவிட்டது என்று அந்தப் பிள்ளை தன்னையே நொந்துகொள்ளும். பதம் தப்பவில்லை, கணக்கு தப்பியிருக்கிறது. விகிதம் சொல்லும்போது அது முகத்தலா நிறுத்தலா என்று சொல்லாமல் விடுவது பக்குவத்தில் பாதியைச் சொல்லாமல் விடுவதற்குச் சமம். இனிப்பு வகைகளுக்கு நான் இப்போது நிறுத்தல் கணக்கைத் தவிர வேறு எதையும் யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை.

அதற்காக டின்னைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. சோறு வடிப்பதற்கு டின்தான் சிறந்தது. ஒரு டின் அரிசிக்கு இரண்டு டின் தண்ணீர் என்றால் குழந்தைக்கும் புரியும், அதே பாத்திரத்தால் இரண்டையும் அளந்துவிடலாம். எடையில் சொன்னால் அது 1:2.4, யார் நினைவில் வைத்துக்கொள்வது? இட்லியும் அப்படித்தான். நாலு டின் அரிசி, ஒரு டின் உளுந்து என்பது எடையில் 1,064 கிராமுக்கு 255 கிராம், அதாவது 4.2க்கு 1. இரண்டும் ஏறக்குறைய ஒரே கனமான தானியம் என்பதால் முகந்தாலும் நிறுத்தாலும் விகிதம் பெரிதாக மாறவில்லை. அண்ணன் மகளுக்கு இதை அப்படியே எழுதினேன்: கையில் கிடைக்கிற எந்தக் கிண்ணத்தாலும் நாலுக்கு ஒன்று அள்ளு, இட்லி வரும். உளுந்துப் பொட்டலத்தைப் பார்த்தால் அது எங்கள் நாட்டிலிருந்து போனதாகக்கூட இருக்கலாம். மியன்மார் உளுந்து இந்தியச் சந்தைக்கு எவ்வளவு முக்கியம் என்பது பேயின்னாங் மொத்தச் சந்தையில் கால் வைத்தவர்களுக்குத் தெரியும்.

எதை முகப்பது, எதை நிறுப்பது என்ற தெளிவு நம்மவர்களுக்கு என்றுமே இருந்திருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல்லை அளக்க ஆடவல்லான் என்ற மரக்கால், பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்ற கல். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நெல்லை மரக்காலால் முகந்தார்கள், பொன்னைக் கல்லால் நிறுத்தார்கள். அடுப்பங்கரைக்கும் இந்த முறை போதும்: தானியம் முகக்கலாம், மாவும் உப்பும் நிறுக்க வேண்டும்.

உப்பு என்றதும் ஊறுகாய் ஞாபகம் வருகிறது, அதில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. பர்மா வீசை 1.63 கிலோ. நூறு டிக்கல் ஒரு வீசை, ஒரு டிக்கல் 16.3 கிராம். சென்னைப் பட்டணத்து வீசையோ 1.4 கிலோவை ஒட்டியது, அதில் நாற்பது பலம், பலம் 35 கிராம். தமிழ்நாட்டிலிருந்து வந்த பழைய நோட்டில் "ஒரு வீசை மாங்காய்க்கு இத்தனை பலம் உப்பு" என்று இருக்கும். மாங்காயை இங்கே கடையில் ஒரு வீசை வாங்கிவிட்டு உப்பை நோட்டில் உள்ள பலக் கணக்கில் போட்டால், மாங்காய் 15 சதவீதம் கூடுதல், உப்பு அதே பழைய அளவு. வருஷ ஊறுகாய்க்கு இது ஆபத்து, உப்புக் குறைந்தால் பூசணம் பிடிக்கும். அதுவும் மழைக்காலத்தில் 2,500 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிற ரங்கூன் ஈரத்தில். ஒரு வீசை என்று எழுதியிருந்தால் எந்த ஊர் வீசை என்று பார்த்துவிட்டு மறு வேலை செய்யுங்கள். அதேபோல் கடைத்தெருவில் இருபத்தைந்து டிக்கல் இறால் வாங்கிவிட்டு அரைக் கிலோ என்று கணக்கில் எழுதாதீர்கள், அது 408 கிராம்தான். பத்து டிக்கல் 163 கிராம்.

உப்பை ஸ்பூனால் சொல்வதையும் விட்டுவிடலாம். பொடியுப்பு ஒரு டீஸ்பூன் ஆறு கிராம் இருக்கும். கல்லுப்பு அதே ஸ்பூனில் பரல் பருமனுக்கு ஏற்றபடி குறையும், மழைக்காலத்தில் நீர்விட்டிருந்தால் கனம் வேறாகும். குழம்புக்கு நாக்கு இருக்கிறது, ருசி பார்த்துச் சேர்த்துக்கொள்ளலாம். ஊறுகாய்க்கும் வடாமுக்கும் கிராமில் எழுதுங்கள்.

எஸ். மீனாட்சி அம்மாளின் "சமைத்துப் பார்" என்ற சமையல் நூல் 1951இல் வந்தபோது படி, ஆழாக்கு, பலம் என்றுதான் அளவுகள். 1956இல் இந்தியா மெட்ரிக் அளவைச் சட்டம் கொண்டுவந்த பிறகு பிறந்த தலைமுறைக்கு அந்த அளவுகளைப் பெயர்த்துச் சொல்ல வேண்டி வந்தது. மியன்மாரும் மெட்ரிக்குக்கு மாறப்போவதாக 2013இல் வர்த்தக அமைச்சகம் அறிவித்தது. பெட்டிக்கடையும் தெருச்சந்தையும் வீசையை விடவில்லை. ஒருநாள் விடும். அப்போது டின்னிலும் டிக்கலிலும் எழுதிய நம் வீட்டு நோட்டுகளுக்கும் அதே நிலைமைதான். புத்தகத்தைப் பெயர்க்க யாராவது வருவார்கள், வீட்டு நோட்டை வீட்டார்தான் பெயர்க்க வேண்டும்.

அப்படிப் பெயர்க்கும்போது பழைய அளவை அடித்துவிட்டுப் புதியதை எழுதாதீர்கள். "உளுந்து ஒரு டின் (தலைதட்டி, 255 கிராம்)" என்று இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். டின் இருப்பவர் டின்னால் செய்யட்டும், தராசு இருப்பவர் தராசால் செய்யட்டும். பின்னால் ஒரு எண்ணில் சந்தேகம் வந்தால் மற்றதை வைத்துச் சரிபார்க்கவும் முடியும். படியில் எழுதியிருந்தால் எந்தப் படி என்று விசாரியுங்கள். சின்னப் படி, பெரிய படி, பட்டணம் படி என்று ஊருக்கு ஊர் மாறியது அது. விசாரிக்க ஆள் இல்லையென்றால் அந்தப் பக்குவத்தில் விகிதத்தை மட்டும் நம்புங்கள், கிராமாக்க முயல வேண்டாம்.

உங்கள் வீட்டில் அம்மாவோ பாட்டியோ இன்னும் அடுப்படியில் நிற்கிறார்கள் என்றால், அடுத்த முறை அவர்கள் மைசூர்பாகோ அதிரசமோ ஊறுகாயோ போடும் நாளில் தராசோடு போய்ப் பக்கத்தில் நில்லுங்கள். அவர்கள் டின்னில் அள்ளியதும், பாத்திரத்தில் கொட்டும் முன் வாங்கி நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். "எலுமிச்சை அளவு புளி" என்று உருட்டுவார்களே, அதையும் நிறுங்கள். வேலை கொஞ்சம் தாமதமாகும், ஒரு திட்டும் விழலாம். பரவாயில்லை. அதை இந்த மாதமே செய்துவிடுங்கள்.